குழாயில் ஒரு குமிழி

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.
வேலியின் வடக்கோரம் மட்டும்
அழுக்குப் பனி இன்னும் அரை முழம்.
மற்றபடி தண்டர் பே நகரம்
அரைக்கால் சட்டைக்கு மாறிவிட்டது.

அன்னையர் தினமாம்.
அடுப்பை நான் தொடக்கூடாது என்று உத்தரவு.
கிரிலைப் பற்றி
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தார்ப்பாயை உருவி
சுவரை ஒட்டி நின்றதைப்
புல்வெளி நடுவுக்கு உருட்டினேன்.
சுவரின் பிளாஸ்டிக் பலகையில்
போன வருஷத்துத் தழும்பு அப்படியே,
உருகி வழிந்து உறைந்த ஒரு நீள நாக்கு.
வெயில் பட்டது என்று
விருந்தாளிகளிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

அதே வருஷம்தான் ஓர்வோவின் புருவமும் போனது.
மூடியை மூடியபடியே
கேஸைத் திறந்துவிட்டு
தீப்பொறிப் பொத்தானை அழுத்தினார்,
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவதில் 'பக்'.
பெரிய சத்தமில்லை,
கனத்த அகராதியை யாரோ
தரையில் போட்டாற்போல.
பிறகு இரண்டு மாதம்
எதற்கும் வியக்காத ஒரு முகத்தோடு
என் கணவர்
மரக்கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்.

அதனால் இந்த வருஷம் நான்.

எண்ணெய்த் தட்டைச் சுரண்டினேன்,
மூன்று கோடைகள் அடுக்கடுக்காய் வந்தன.
கேஸ் போகும் குழலுக்குள்
சிலந்தி ஒன்று குளிர்காலம் கழித்திருந்தது.
அதன் வெள்ளைக் கூட்டைக் குச்சியால் இழுக்கையில்
வாடகை வீட்டைக் காலிசெய்ய வந்தவள்போல்
கொஞ்சம் கூசினேன்.
முள் உதிர்க்கும் கம்பித் தூரிகை
குப்பைக்குப் போனது.
அப்படியொரு முள்ளைத்தான்
லெம்பியின் தொண்டையில்
மருத்துவர் படமெடுத்துக் காட்டினார்.

கடைசியாக சிலிண்டர்.
பாத்திரம் துலக்கும் சோப்பை
அரைக் குவளைத் தண்ணீரில் அடித்து
பழைய பெயின்ட் பிரஷால்
குழாய் நெடுகத் தடவினேன்.
பர்னர்கள் எல்லாம் மூடியிருக்க
வால்வை மட்டும் கால் சுற்று திறந்தேன்.

ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை.
மூட்டுக்கு இரண்டு விரல் தள்ளி
கடுகளவு.
பிறகு மிளகளவு.
பிறகு ஒரு கண்
மெல்லத் திறந்து
என்னைப் பார்த்தது.
அதன் வளைவில் நான் இருந்தேன்,
வானவில் பூசிக்கொண்டு, துளியூண்டு.

உடைந்தது.
அடுத்தது முளைத்தது.

வால்வை மூடினேன்.

பன்னிரண்டு மணிக்குப் பதினோரு பேர்.
ஊறிய கோழி இரண்டு தட்டு,
சாஸேஜ் ஒரு கூடை.
ஓர்வோவின் தம்பி தைஸ்தோ
பீரும் கையுமாகக் குனிந்து பார்த்தார்.
"இத்துனூண்டு குமிழிக்கா?
முப்பது வருஷமாகப் பற்றவைக்கிறேன்,
எனக்கு என்ன ஆகிவிட்டது?"
எல்லோரும் சிரித்தார்கள்.
ஓர்வோ சிரிக்கவில்லை.
அவர் விரல் தானாக எழுந்து
நெற்றிக்குக் கீழே எதையோ
இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.

குறடு வந்தது. இறுக்கினார்கள்.
மறுபடி தடவினேன். மறுபடி அந்தக் கண்.
ரப்பரைத் திருப்பிப் பார்த்தால்
எலிப்பல்லின் இரண்டு சின்னக் கோடுகள்.
கடைக்குப் போன் போட்டோம்:
அந்த அளவுக் குழாய்
புதன்கிழமைதான் வருமாம்.

பசி எல்லோரையும் என் பக்கம் திருப்பியது.
"டேப் சுற்றலாமே" என்றது ஒரு குரல்.
"ஒருதரம் மட்டும்" என்றது இன்னொன்று.
நான் சிலிண்டரைக் கழற்றி
வேலியோரம், பனிக்குப் பக்கத்தில்
நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து
நாற்காலியில் சாய்ந்தேன்.
அன்னையர் தினம் அல்லவா.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு
நாலு ஆண்கள் சமையலறைக்குள் போனார்கள்.
எந்த அலமாரியில் எது என்று
ஒருவருக்கும் தெரியாது.
மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரை
செனியா எடுத்துக்கொண்டாள், வயது ஐந்து.
வளைத்த கம்பியால் ஊதினாள்.
குமிழிகள் அணைந்த கிரிலைத் தாண்டி,
சுவரின் நாக்கைத் தாண்டி
கூரை வரை போயின.
ஒன்றிரண்டு அங்கேயும் உடையவில்லை.

உள்ளே கறி தீயும் மணம்.
புகை அலாரம் வீறிட்டது.
பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.
நான் எழவில்லை.